அங்கக்குறையோடு பிறந்த மகவும் ஆசிரியர் கடமையும்

சிவமயம்

சைவ வித்தியாசாலைகளிலே பாலர்க்குக் கல்வியும் சமயமும் ஊட்டிவரும் அன்பர்களே!

நம்மிடத்து வந்து வினாவுவோர் பலர். பாடத்திலே ஐயமுற்று வினாவும் மாணாக்கனுக்கு விடை கூறுதல் எளிது. நூலை விரித்தால் விடை அங்கே கிடக்கும். ஆயின், கையோ காலோ குறைந்து பிறந்த மகவை இடுப்பிலே ஏந்தி வந்து, "ஐயா, இஃது என்ன பாவத்தால் வந்தது?" என்று வினாவுந் தாய்க்கு விடை கூறுதல் எளிதன்று. அவள் கேட்பது நூற்பொருளன்று. தான் குற்றவாளியோ அல்லளோ என்னுந் தீர்ப்பையே அவள் கேட்கின்றாள். அத்தீர்ப்பை நாம் ஆராயாது பிழைபடக் கூறிவிட்டால், அவள் அதனை ஆயுள் முழுவதுஞ் சுமப்பாள். அவள் சுமப்பதை அக்குழந்தையுஞ் சுமக்கும். ஆதலின் இப்பொருளைச் சிறிது நின்று ஆராய்வாம்.

பிறரைத் திருத்தப் புகுமுன் என் பிழையை ஒப்புக்கொள்ளுதல் முறை. சில ஆண்டுகட்கு முன், பாண்டிருப்பிலே ஒரு விசயதசமி நாட்காலை, ஏடு தொடக்குதற்காகப் பிள்ளைகளை வரிசையாக இருத்தியிருந்தோம். தாம்பாளத்திலே பச்சரிசி பரப்பிப் பிள்ளையின் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்துப் பிள்ளையார் சுழியும் அகரமும் எழுதுவிப்பது வழக்கமென்பது யாவரும் அறிந்ததே. வரிசையின் ஈற்றிலே ஒரு தாய் நின்றாள். அவளுடைய பெண்பிள்ளைக்கு வலக்கை முழங்கையோடு நின்றுவிட்டது, பிறந்தபோதே அவ்வாறு. அத்தாய் தணிந்த குரலிலே, "ஐயா, இவளுக்கு எந்தக் கையைப் பிடித்து ஏடு தொடக்குவீர்கள்?" என்று கேட்டாள். நான் திகைத்தேன். திகைப்பை மறைத்தற்கு அறிவுரை கூறுவது நம்மனோர் இயல்பன்றோ? "எல்லாம் முன்வினைப் பயன், அம்மா. அம்மனுக்கு ஒரு நேர்த்தி வையுங்கள். அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றேன். அவள் ஒன்றுங் கூறாது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்றாள். அடுத்த ஆண்டு அவள் வரவில்லை. பள்ளிக்கூடத்திற் சேர்க்கும் வயது வந்தபோதும் வரவில்லை. நான் கூறிய சொற்களை அதன்பின்பே ஆராயத் தொடங்கினேன். ஆராயுந்தோறும் அவை சாத்திரத்துக்கும் ஒவ்வாதன, உண்மைக்கும் ஒவ்வாதன, அன்புக்கும் ஒவ்வாதன என்பது புலனாயிற்று.

முதற்கண், உடம்பு எங்ஙனம் உருவாகின்றது என்பதை அறிதல் வேண்டும். கருத்தரித்த நான்காம் வாரத்தின் இறுதியிலே கருவின் பக்கங்களிற் சிறு மொட்டுக்கள் போன்றவை தோன்றுகின்றன. முதலிற் கைமொட்டுக்களும், ஓரிரு நாள் கழித்துக் கால்மொட்டுக்களும் அரும்புகின்றன. ஆறாம் வாரத்திலே கைமொட்டின் நுனி ஒரு சிறு துடுப்புப் போலத் தட்டையாகின்றது. அத்துடுப்பினுள்ளே விரல்கள் கோடுகளாகத் தோன்றுகின்றன. பின்னர், விரலுக்கும் விரலுக்கும் இடையிலுள்ள அணுக்கள் தாமே ஒடுங்கி மறைகின்றன. எட்டாம் வாரத்து முடிவிலே விரல்கள் வெவ்வேறாகப் பிரிந்து விளங்குகின்றன. அப்போது கருவின் நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலமே.

அன்பர்களே, ஈண்டு ஒன்று கருதத்தக்கது. விரல் உண்டாவது படைத்தலால் மாத்திரமன்று, இடையிலுள்ளது ஒடுக்கப்படுதலாலுமாம். சங்காரமும் அருட்செயலே என்று நம் ஆசிரியர்கள் உபதேசித்தது மகாபிரளயத்துக்கு மாத்திரம் உரியதன்று. தாயின் கருப்பையிலே, மகவின் உள்ளங்கையிலே அது நாடோறும் நிகழ்கின்றது. அவ்வொடுக்கம் முற்றும் நிகழாதபோது விரல்கள் ஒட்டியபடியே பிறக்கின்றன. கோடு ஒன்று மிகும்போது ஆறாம் விரல் உண்டாகின்றது. மொட்டின் வளர்ச்சி இடையிலே நின்றுவிட்டால் கை முழங்கையோடோ மணிக்கட்டோடோ நின்றுவிடுகின்றது.

அது நிற்றற்குக் காரணம் யாதோவெனின், காரணம் பலவாம். சில குறைகள் குலவழியாக வருவன. ஆறாம் விரல் தந்தைக்கும் பாட்டனுக்கும் இருத்தலை நாமே கண்டிருக்கின்றோம். சிலவற்றிலே, கருவைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு கிழிந்து, அதன் இழைகள் விரலையோ கையையோ இறுகச் சுற்றி வளர்ச்சியைத் தடுக்கின்றன. சிலவற்றிலே, மொட்டுக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக்குழாய் தடைப்படுகின்றது. கட்டுப்படாத நீரிழிவும் சில மருந்துகளும் சிறுபான்மை காரணமாதலுண்டு. பெரும்பாலானவற்றிலோ, வல்ல வைத்தியர்கள் ஆராய்ந்தும் காரணம் இன்னதென்று துணியப்படுவதில்லை. பல நாடுகளில் எடுத்த கணக்குகளின்படி, ஏறத்தாழ 2,000 மகவுகளில் ஒன்று கையோ காலோ ஒரு பகுதி குறைந்து பிறக்கின்றது. பாதம் உட்புறமாக வளைந்து பிறத்தல் இதனினும் மிகுதி. ஏறத்தாழ 1,000 பிறப்புக்கு ஒன்று. இக்கணக்கு ஒரு சாதியார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ உரியதன்று. கல்முனை வைத்தியசாலையிலே பாண்டிருப்புச் சைவத்தாயும் மருதமுனை முஸ்லிம் தாயும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே கண்ணீரை வடிப்பதைக் காண்பவர்க்கு இது விளங்கும்.

இவற்றுள் நாம் நினைவில் வைக்கவேண்டியது காலமே. நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையிலே கையுங் காலும் உருவாகி முடிகின்றன. அக்காலத்தே தான் கருவுற்றிருத்தலை அறியாத பெண்கள் எத்தனையோ பேர். தான் இன்னும் அறியாத குழந்தைக்கு அவள் எங்ஙனம் தீங்கு செய்திருப்பாள்? ஏழாம் மாதத்திலே கால் தடுக்கி விழுந்தாள், ஆறாம் மாதத்திலே இழவு வீட்டுக்குச் சென்றாள், வளைகாப்பன்று யாரோ கண்ணூறு பட்டது என்றெல்லாம் அயலார் அடுக்கும் காரணங்கள் இவ்வொரு செய்தியினாலேயே விழுந்துவிடும். அவை நிகழ்ந்த காலத்தே கை உருவாகி முடிந்து மாதங்கள் பல கழிந்துவிட்டன.

கிரகண நேரத்திலே கருப்பவதி காய்கறி நறுக்கினால் பிள்ளைக்கு அங்கங் குறையும் என்று கூறுவாருமுளர். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி நிகழ்ந்த சூரிய கிரகணம் வட இலங்கையிலே கங்கண கிரகணமாகவும் ஏனைய பகுதிகளிலே பாரிசமாகவும் தோன்றியது. அன்று இத்தீவிலே கருவுற்றிருந்த மகளிர் எத்தனை ஆயிரவர்! அவருள் அடுக்களையிலே கத்தி எடுத்தவர் எத்துணையர்! அவர் பெற்ற மக்களெல்லாம் அங்கங் குறைந்தா பிறந்தனர்? இல்லை. கிரகணமே இல்லாத ஆண்டுகளிலும் இத்தகைய மகவுகள் பிறந்தே வந்திருக்கின்றன. காரணமென்று சொல்லப்படுவது இருந்துங் காரியம் நிகழாமலும், அஃது இன்றியே காரியம் நிகழ்ந்தும் வருமாயின், அது காரணமன்றென்பது தருக்கம் பயின்ற உங்களுக்கு யான் கூறவேண்டுவதில்லை.

காரணம் வெளிப்படையாகத் தெரிந்த ஒரு வரலாறும் உண்டு. 1957ஆம் ஆண்டிலே மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. உறக்கத்துக்கும், கருப்பவதிகளின் வாந்திக்கும் தீங்கற்ற மருந்தென்று அது புகழப்பட்டது. அதனை உண்ட தாய்மார் பலர்க்குக் கை கால் குறுகிய மகவுகள் பிறந்தன. ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மக்பிரைட் என்னும் வைத்தியர்கள் மருந்தின்மேல் ஐயமுற்று எச்சரித்தனர். 1961ஆம் ஆண்டு நவம்பரிலே அது ஜெர்மனியில் விற்பனையினின்றும் நீக்கப்பட்டது. அதற்குள் உலகிலே 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிப்புற்றுப் பிறந்துவிட்டனர். உண்மை வெளிப்படும்வரை அத்தாய்மார் தம்மையே நொந்துகொண்டிருந்திருப்பர். குற்றமோ மருந்தைத் தக்கவாறு சோதியாது விற்றாரிடத்தது. வைத்தியர் கொடுத்ததை நம்பி உண்டவளிடத்ததன்று. இவ்வரலாற்றினால் நாம் கொள்ளத்தக்க பாடம் இரண்டு. கருவுற்ற மகளிர் வைத்தியர் அறியாது எம்மருந்தையும் உண்ணலாகாது என்பது ஒன்று. காரணம் அறியப்படாதவிடத்துத் தாயின்மேற் பழி ஏற்றுதல் அறிவீனம் என்பது மற்றொன்று.

இனிச் சித்தாந்தத்துக்கு வருவாம். "கன்மம் உண்டென்பது நம் சமயக் கொள்கையன்றோ? அதனை மறுத்தல் ஆகுமோ?" என்று நீவிர் வினாவுவீர். மறுக்கவில்லை. கன்மக் கொள்கையை நாம் பிழைபட வழங்குகின்றோம் என்பதே யான் கூறுவது. அப்பிழை மூன்று வகைப்படும்.

முதலாவது: ஒவ்வோர் ஆன்மாவின் கன்மமும் அவ்வான்மாவுக்கே உரியது. ஒருவர் செய்த வினையை மற்றொருவர் நுகர்வதில்லையென்பது சித்தாந்தத்தின் துணிபு. அங்ஙனமாயின், "தாய் செய்த பாவம் பிள்ளையிலே விடிந்தது" என்பது சைவமன்று. அது சைவத்தின் பெயரால் வழங்கும் வம்பு. கன்மங் கூறித் தாயைப் பழிப்போர் கன்மக் கொள்கையையே அறியாதவராவர். தந்தையைப் பழியாது தாயை மாத்திரம் பழித்தல் அதனினும் பெரிய அநீதி. பிள்ளை பிறந்தபின் மனைவியை அவள் தாய்வீட்டிலே விட்டுச் சென்ற ஆடவரை நாம் அறிவோம். அவரைத் தடுத்து நிறுத்திக் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

இரண்டாவது: கன்மம் சடம். தானே சென்று பயனூட்ட வல்லதன்று. எவ்வுயிர்க்கு எப்பயனை எப்போது எவ்வாறு கூட்டுவதென்பதை அறிபவன் முற்றறிவுடைய சிவபெருமான் ஒருவனே. சஞ்சிதத்தினின்றும் பிராரத்தம் இன்னதென வகுக்கப்பட்ட கணக்கை நாம் கண்டதில்லை. அங்ஙனமாக, "இக்கை இல்லாமை இன்ன வினையின் பயன்" என்று துணிந்து கூறுவோன், தான் அறியாதே இறைவனுடைய ஆசனத்தில் ஏறி அமர்கின்றான். அது சிவாபராதம் என்பேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து இக்கரையிலே புகுந்தபோது, கோயிலுக்குச் சென்றவரும் செல்லாதவரும், தொழுகைக்குச் சென்றவரும் செல்லாதவரும், தொட்டிற் குழந்தைகளும் ஒருங்கே மாண்டனர். மக்களை இழந்து மணலிற் கிடந்த தாயினிடத்துச் சென்று "உன் வினை" என்று கூற நம்முள் எவர்க்காவது நா எழுந்ததா? அன்று எழாத நா, கை குறைந்த மகவைக் கண்டவுடன் ஏன் எழுகின்றது? அன்று நமக்கும் அழுகை இருந்தது. இன்று அழுகை அவளுக்கு மாத்திரம் இருக்கின்றது. வேறுபாடு இதுவே.

மூன்றாவது: தனு கரண புவன போகங்களை இறைவன் உயிர்களுக்குக் கொடுப்பது தண்டனையாகவன்று, கருணையாலே. ஆணவ இருளிலே கிடந்த உயிர்க்கு இவ்வுடம்பு ஒரு விளக்குப் போலக் கொடுக்கப்பட்டது. எல்லாவுடம்பும் அங்ஙனம் கொடுக்கப்பட்டனவே. இரண்டு கையுடைய உடம்பு பரிசென்றும் ஒரு கையுடைய உடம்பு தண்டமென்றும் பிரித்தற்கு நமக்கு ஆதாரம் யாது? விளக்கின் அகல் சிறிது வேறுபட்டிருப்பினும் சுடர் சுடரே.

வைத்தியர் கூறுங் காரணமும் சமயங் கூறுங் காரணமும் முரணுமோவெனின், முரணா. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நாம் மாணாக்கர்க்கு நாடோறும் போதிக்கின்றோம். மண்ணையும் சக்கரத்தையும் ஆராய்பவன் குயவனை மறுத்தவனாகான். ஆதலின், வைத்தியர் கூறுவதைக் கேளென்று தாயை அனுப்புதல் நம்பிக்கைக் குறைவன்று.

ஈண்டு ஓர் ஆசங்கை எழும். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிலே ஆண்டுதோறும் பதினெட்டு நாட் பெருவிழா நிகழ்கின்றது. பாரதக் கதை ஓதப்படுகின்றது. வனவாசமும், பாசுபதம் வேண்டி அருச்சுனன் புரிந்த தவமும் நிகழ்த்தப்படுகின்றன. ஈற்றிலே அடியார்கள் தீமிதிக்கின்றார்கள். அக்கதையிலே, வியாசரைக் கண்டு அஞ்சி அம்பிகை கண்ணை மூடியதால் திருதராட்டிரன் குருடனாகவும், அம்பாலிகை வெளிறியதால் பாண்டு வெண்ணிறத்தனாகவும் பிறந்தார்களென்று வருகின்றதே; தாயின் செயலாற் பிள்ளைக்குக் குறை வரும் என்பதற்கு இதுவே பிரமாணமன்றோ என்பர். இதனைக் கேட்கும் தாய்மார் கூட்டத்திலே தலைகுனிந்திருத்தலை யான் கண்டதுண்டு.

இதற்கு விடை கூறுதும். இதிகாசம் அறம் உணர்த்த எழுந்தது. மருத்துவம் உணர்த்த எழுந்ததன்று. இனி அக்கதையையே உற்று நோக்குக. அம்பிகை தானே விரும்பி அங்குச் சென்றவளல்லள். குலம் அற்றுப்போகாமைப் பொருட்டுப் பெரியோர் கட்டளையால் அனுப்பப்பட்டாள். அஞ்சிய பெண்ணைப் பழிப்பது கதையின் நோக்கமாகாது. மேலும், குருகுலத்தை அழித்தது திருதராட்டிரனுடைய கண்ணின்மையா? அன்று. கண் இல்லையென்று அரசுரிமை மறுக்கப்பட்டதனால் அவனுள்ளத்தே ஊறிய ஏக்கமும், மகன்மேல் வைத்த கண்மூடித்தனமான பாசமும், விதுரன் கூறிய நீதியைக் கேட்டும் கொள்ளாமையுமே அழித்தன. வெளிறிய பாண்டுவோ நாடாண்டான். அவன் மக்களாகவே ஐவரும் போற்றப்பட்டனர். ஆகவே, பாரதம் நமக்கு உணர்த்துவது இது: உடற்குறை ஒரு குடியைக் கெடுப்பதில்லை, அக்குறையுடையாரை நாம் ஒதுக்குதலும், அவ்வொதுக்கலால் அவருள்ளத்தே எழும் புண்ணுமே கெடுக்கும். கதை ஓதுவோர் அவ்விடத்திலே சிறிது நிறுத்தி இதனையும் எடுத்துரைப்பாராயின், தலைகுனிந்த தாய் நிமிர்வாள்.

நம் சமய நூல்களிலே இதற்கு மாறான சான்றுகள் நிரம்பக் கிடக்கின்றன. திருவாரூரிலே அவதரித்த தண்டியடிகணாயனார் பிறவியிலேயே கண்ணில்லாதவர். சேக்கிழார் சுவாமிகள் அவர் சரித்திரத்தைக் கூறுமிடத்து, இன்ன பாவத்தால் கண்ணிலர் என்று ஒரு காரணமுங் கற்பித்திலர். அவர் செய்த தொண்டையே கூறுகின்றார். திருக்குளத்தைப் பெருப்பிக்க விரும்பிய நாயனார், குழியிலே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். பின்னர் அவர் கண்பெற்றாரென்பதை நாம் விரித்துப் பேசுகின்றோம், கயிற்றை மறந்துவிடுகின்றோம். கண்பெறுமுன்னரே அவர் அடியார். கண்பெறுமுன்னரே அவர் தொழில் செய்தார். தமக்கு ஏற்ற கருவியைத் தாமே அமைத்துக்கொண்டார். ஆசிரியராகிய நாம் அங்கக்குறையுடைய பிள்ளைக்குச் செய்யத்தக்கது யாது? கயிறு கட்டிக் கொடுத்தலே.

பிருங்கி முனிவர் திருவுருவத்தைச் சிவாலயங்களிலே கண்டிருப்பீர்கள். தளர்ந்து நிற்கமாட்டாத அவருக்கு இறைவன் மூன்றாங் கால் அருளினான். ஊன்றி நிற்கத் துணை வேண்டுவார்க்குத் துணை கொடுத்தல் சிவச்செயல் என்பதற்கு அவ்வுருவம் சான்று. 1968ஆம் ஆண்டளவிலே ஜெய்ப்பூரிலே கைவினைஞர் இராமசந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் அமைத்த செயற்கைக்கால், வெறுங்காலோடு வயலிலும் நடக்கவும் சப்பணமிட்டு அமரவும் உதவுகின்றது. யாழ்ப்பாணத்திலும் அவ்வகைக் கால் அமைத்துக் கொடுக்கும் நிலையம் உண்டு.

இனிச் சூரியனுடைய சாரதியாகிய அருணனைக் கருதுக. அவன் தொடையின்றிப் பிறந்தமையால் அனூரு எனப்பட்டான் என்பது புராணம். கடலின் நீரிலே கதிரவன் எழுதலை நாடோறுங் காணும் நம்மூரார், அவனுக்கு முன்னே வானஞ் சிவத்தலை அருணோதயம் என்கின்றார்கள். உலகுக்கு ஒளி கொணருந் தேரைச் செலுத்தும் பணி கால் குறைந்தவனுக்கே கொடுக்கப்பட்டதாக முன்னோர் கருதினர்.

புராணம் பழையது என்பார்க்கு இக்காலத்துச் சான்றும் உண்டு. ஜம்மு காஷ்மீரத்துக் கிஷ்த்வார் மாவட்டத்திலே இரண்டு கையும் இன்றிப் பிறந்த சீதள் தேவி என்னும் பெண், காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, தாடையின் அசைவால் அம்பு விடுகின்றார். 2023ஆம் ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசிய இணை விளையாட்டு விழாவில் இரண்டு பொற்பதக்கமும், 2024இல் பாரிஸ் இணை ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். இந்திய அரசு அவருக்கு அளித்த விருது அருச்சுனன் பெயரால் அமைந்தது. நம் கோயிலிலே அருச்சுனனுடைய தவத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதனையுஞ் சொல்லுங்கள்.

இனிப் பெற்றோரிடத்து நாம் பேசும் முறையைக் கூறுகின்றேன்.

முதலாவதாக, குழந்தையின் பெயரைக் கேளுங்கள். குறையைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம். "கர்ப்பத்திலே என்ன செய்தாய்?" என்று ஒருபோதும் வினாவற்க. தாய் "என் பாவமா?" என்று கேட்டால், "இல்லை, அம்மா" என்று ஒரு சொல்லில் தெளிவாகக் கூறுங்கள், சாத்திர விரிவு பின்னர் ஆகட்டும். தந்தையையும் அழைத்து இருவர்க்கும் ஒருங்கே கூறுங்கள். பாட்டியார் முன்னிலையிற் கூறுதல் பின்னும் நன்று; வீட்டிலே தீர்ப்புச் சொல்பவர் பெரும்பாலும் அவரே.

இரண்டாவதாக, காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். ஊரிலுள்ள குடும்பநல மருத்துவ மாதுவே வழிகாட்டுவார். பாதம் உள்வளைந்து பிறந்த மகவுக்கு இது மிகவும் வேண்டப்படுவது. அமெரிக்காவிலே அயோவா நகரில் பொன்செட்டி என்னும் வைத்தியர் வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களுக்குள்ளே பாதத்தை மெல்லத் திருத்தி வாரந்தோறும் பிளாஸ்டர் கட்டு மாற்றுவார்கள். பெரும்பாலும் ஐந்தாறு கட்டுக்களிலே பாதம் நேராகும். குதிகால் தசைநாணிலே ஒரு சிறு கீறலும் பலர்க்கு வேண்டப்படும். அதன்பின் ஒரு சட்டத்தோடு பொருந்திய பாதரட்சையை மூன்று மாதம் ஏறத்தாழ நாள் முழுவதும், பின்னர் உறங்கும்போது மாத்திரம் நான்கு வயதளவும் அணிவித்தல் வேண்டும். பாதம் நேராகிவிட்டதென்று அதனை இடையிலே நிறுத்தினால் வளைவு மீளும். பெற்றோர் சலிப்படையும் அவ்விடத்திலேதான் ஆசிரியரின் ஊக்கமொழி பயன்படும்.

மூன்றாவதாக, பொய்யான நம்பிக்கை ஊட்டற்க. இல்லாத கை நேர்த்தியினால் முளைக்குமென்று கூறலாகாது. நேர்த்தி வைத்தல் அன்பின் செயலாயின் நன்று. கடனுக்கு வட்டி கட்டுவது போலாயின் அஃது அம்மனுக்கும் ஏற்றதன்று. ஒரு கை முழங்கைக்குக் கீழே குறைந்து பிறத்தல் அக்குடும்பத்திலே மீண்டுந் தோன்றுதல் அரிது. ஆதலின் அடுத்த மகவுக்கு அஞ்சுவோர்க்கும், தங்கையின் விவாகத்துக்கு அஞ்சுவோர்க்கும் வைத்தியரிடங் கேட்டுத் தெளியுமாறு கூறுங்கள். ஒரு கையோடு பிறந்த பிள்ளைக்கு அவ்வுடம்பே இயல்பு. அது எதனையும் இழந்து பிறந்ததாகத் தான் எண்ணுவதில்லை. நாம் கற்பித்தபின்னரே அவ்வாறு எண்ணுகின்றது.

பள்ளிக்கூடத்திலே செய்யத்தக்கனவுஞ் சில உள. "சொத்தி" என்றும் "நொண்டி" என்றும் பட்டப்பெயரிட்டு அழைத்தலை முதல் நாளே தடுக்க. ஆசிரியர் வாயிலே அச்சொல் வாராதிருத்தல் அதற்கு முதற்படி. மானிடப் பிறப்பின் அருமையைக் கூறும் ஔவையார் பாட்டைக் கற்பிக்கும்போது அப்பிள்ளை வகுப்பிலே இருத்தலை மறவற்க. உடற்குறையின்றிப் பிறத்தல் அரிதென்று கூறுவதோடு அப்பாட்டு நிற்கவில்லை. ஞானமும் கல்வியும், அவற்றினும் மேலாகத் தானமும் தவமும் அரியவென்று ஏறிச் செல்கின்றது. அம்மேற்படிகளுக்கு ஏறுதற்குக் கை கால் வேண்டப்படுவதில்லை. திருவள்ளுவரும் ஆள்வினையுடைமையிலே, பொறியின்மை எவர்க்கும் பழியாகாது, அறிந்து முயலாமையே பழி என்று தீர்ப்பளித்தார். பொறி என்பதற்கு விதியென்று பொருள் கொள்ளினும் உறுப்பென்று பொருள் கொள்ளினும் தீர்ப்பு ஒன்றே.

வலக்கை இல்லாத பிள்ளை இடக்கையால் விபூதி வாங்கலாமோ, கையே இல்லாத பிள்ளை காலால் எழுதினால் அது சரசுவதிக்கு அவமதிப்பாகாதோ என்று ஐயுறுவாருமுளர். ஆசாரம் உள்ளவர்க்கே இவ்வையம் எழும், ஆதலின் இகழேன். ஆயின் திருக்காளத்தியிலே நிகழ்ந்ததை நினைக்க. கண்ணப்ப நாயனார், இறைவன் திருக்கண்ணை அடையாளங் காணுதற்பொருட்டுத் தம் செருப்பணிந்த காலையே அதன்மேல் ஊன்றினார். அக்காலை ஏற்றருளிய பெருமான், எழுத்தை நாடி ஏட்டின்மேல் வைக்கும் ஒரு குழந்தையின் காலையா வெறுப்பான்?

இலங்கையிலே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறை காரணமாக எவரையுங் கல்விநிலையத்திற் சேர்க்க மறுத்தலைத் தடுக்கின்றது என்பதையும் அறிந்து வைப்பது நன்று. ஆனால் சட்டத்துக்கு அஞ்சித் திறக்கப்படும் பள்ளிக்கூடக் கதவு பாதியே திறக்கும். பாண்டிருப்புக்குத் தெற்கே காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலாநந்த சுவாமிகள், ஆதரவற்ற பிள்ளைகளையும் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளையும் தேடிச் சென்று கற்பித்தார்கள். அவர்கள் வழியிலே வந்தோமென்று கூறிக்கொள்ளும் நாம், பிள்ளை வரட்டும் என்று காத்திருத்தலாகாது.

யான் காத்திருந்தது போதுமென்று, மேற்கூறிய தாயின் வீட்டுக்குச் சென்றேன். செல்வதற்குக் கால் கூசியது. "அம்மா, அன்று நான் சொன்னது பிழை. உங்களிடத்திலும் பிள்ளையிடத்திலும் குற்றம் ஒன்றுமில்லை" என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மூன்று வருஷம், ஐயா" என்று மாத்திரஞ் சொன்னாள். அதற்கு என்னிடத்து மறுமொழி இருந்ததில்லை, இன்றும் இல்லை. அவ்வாண்டு விசயதசமியிலே அவள் வந்தாள். பிள்ளையின் இடக்கைச் சுட்டுவிரலைப் பிடித்துப் பச்சரிசியிலே அகரம் எழுதுவித்தேன். அவள் என் கையை உதறிவிட்டுத் தானே மற்றுமோர் அகரம் எழுதினாள். அது என்னுடையதினும் நேராக இருந்தது.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் வரிசையின் ஈற்றிலே ஒரு தாய் நிற்பாள். நிற்கத் துணியாது வீட்டிலே இருப்பவளும் உளள். அவள் வினாவுக்கு என்னைப் போல மூன்று ஆண்டு தாழ்த்தாது விடை கூறுங்கள். எல்லா உயிர்க்கும் உடம்பளித்து உடனின்று காக்கும் சிவபெருமான் திருவருள் அவ்விடையிலே முன்னிற்பதாக.

சிவம் சுபம்.